ஈ எப்போ வந்துச்சு?

கொலை நடந்த இடத்துக்கு வந்ததும் போலீஸ் கேட்கும் முதல் கேள்வி "யார்?" என்பதுதான் என்று சினிமா நம்மைப் பழக்கி வைத்திருக்கிறது. உண்மையான விசாரணையில் அதுக்கு முன்னாடி இன்னொரு கேள்வி இருக்கு: "எப்போ?" இறந்த நேரம் தெரிந்தால்தான், அந்த நேரத்தில் யார் யார் எங்கே இருந்தாங்க என்று கேட்கவே முடியும். "அன்னிக்கு ராத்திரி நான் ஊர்லயே இல்ல சார்" என்று ஒருத்தர் சொல்கிறார் என்று வைங்க. அவர் சொல்வது நூறு சதவீதம் உண்மையாகவே இருக்கட்டும். கொலை நடந்தது மறுநாள் காலையில் என்றால் அந்த உண்மையால் அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

முதல் ஒரு நாள், இரண்டு நாளுக்கு இந்த நேரத்தை டாக்டர்களே ஓரளவு சொல்லிவிடுவார்கள். உடல் சூடு எவ்வளவு குறைந்திருக்கிறது, கை கால் விறைத்திருக்கிறதா, விறைப்பு தளர ஆரம்பித்துவிட்டதா, ரத்தம் அடிப்பக்கம் தேங்கி தோல் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்த்து ஒரு கணக்கு போடுவார்கள். மூன்றாவது நாளுக்கு மேல் இந்தக் கடிகாரங்கள் ஒவ்வொன்றாக நின்றுவிடும். நம்ம ஊர் மே மாதத்தில் நிலைமை இன்னும் மோசம். வெளியே 38 டிகிரி வெயில் அடிக்கும்போது 37 டிகிரியில் இருக்கும் உடல் எங்கே போய் ஆறும்?

அதுக்கு மேல் கைகொடுப்பவை பூச்சிகள். இந்தத் துறைக்குத் தடயவியல் பூச்சியியல் என்று பெயர். (மெஸ்ஸில் உட்கார்ந்து போனில் இதைப் படிக்கிறவங்க, சாப்பிட்டு முடிச்சுட்டு மீதியைப் படிங்க. சும்மா சொல்லல.)

ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாகச் சொல்லிடறேன். ஈக்கு யார் கொன்றது என்று தெரியாது. அந்த ஆள் எப்போ இறந்தார் என்றும் தெரியாது. அதுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: தான் எப்போ வந்தோம் என்பது. இறந்த நேரம், ஈ வந்த நேரம் இரண்டும் பெரும்பாலும் பக்கத்துல பக்கத்துல இருக்கும். எப்போதும் இல்லை. இந்தத் துறையோட மொத்தச் சண்டையும் அந்த இடைவெளியைப் பற்றியதுதான்.

பச்சை ஈயின் டைம்டேபிள்

வீட்டில் சாப்பாட்டு மேல உட்காரும் சாம்பல் நிற ஈயை இங்கே மறந்துடுங்க. மீன் மார்க்கெட்டில், கருவாடு காயப்போடும் இடத்தில் பளபளவென்று பச்சையும் நீலமுமாக, பெரிய சிவப்புக் கண்ணோட ஒன்று பறக்கும், பார்த்திருப்பீங்க. கிரைசோமியா மெகாசெபாலா என்பது அதன் பெயர். மெகாசெபாலா என்றால் பெரிய தலை. இந்தியாவில் மனித உடல்களில் முதலில் வந்து சேரும் ஈக்களில் இது ஒன்று. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதன் சொந்தக்கார இனங்கள் அதே வேலையைச் செய்கின்றன.

நமக்கு நாற்றம் தெரிய ஒரு நாளாவது ஆகும். இந்த ஈக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. பகல் வெளிச்சமும் வெப்பமும் இருந்து, உடல் திறந்தவெளியில் கிடந்தால், நிமிடக் கணக்கில் வந்துவிடும். பெண் ஈ கண், மூக்கு, வாய், காயம் என்று ஈரமான இடமாகப் பார்த்து முட்டையிடும். அப்போதான் பொரித்த புழுவால் நல்ல தோலைக் கிழித்து உள்ளே போக முடியாது, அதனால்தான் இந்தத் தேர்வு. முட்டைகள் குவியலாக, குறுணை அரிசி மாதிரி இருக்கும். நம்ம ஊர் வெப்பத்தில் ஒரு நாளுக்குள் பொரித்துவிடும்.

வெளியே வரும் புழு இரண்டு முறை தோலுரித்து மூன்று கட்டமாக வளர்கிறது. அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று நிபுணர்கள் கண்டுபிடிக்கும் விதம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. புழுவின் தலை எப்போதும் சாப்பாட்டுக்குள் புதைந்திருப்பதால், அது மூச்சு விடுவது பின்பக்கம் வழியாக. பின் முனையில் இரண்டு சுவாசத் தட்டுகள் இருக்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒவ்வொரு தட்டிலும் கீறல்கள் தெரியும். இரண்டு கீறல் இருந்தால் இரண்டாம் கட்டம், மூன்று இருந்தால் மூன்றாம் கட்டம். எண்ணத் தெரிந்தால் போதும்.

மூன்றாம் கட்டம் முடிந்ததும் புழு சாப்பிடுவதை நிறுத்திவிட்டு உடலை விட்டு இறங்கிப் போகும். சில மீட்டர் தள்ளி மண்ணுக்குள் நுழைந்து, தன் தோலையே பழுப்பு நிற ஓடாக இறுக்கிக்கொண்டு கூட்டுப்புழு ஆகும். கடைசியில் ஓட்டை உடைத்து ஈ வெளியே வரும். முட்டையிலிருந்து ஈ வரை நம்ம ஊர் சூட்டில் சுமார் பத்து நாள். அதனால்தான் அனுபவம் உள்ளவர்கள் உடலை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்ப மாட்டார்கள். சுற்றியுள்ள மண்ணையும் கிளறுவார்கள். ஒரே ஒரு காலி ஓடு கிடைத்தால்கூட, ஒரு முழுச் சுற்று முடிந்துவிட்டது, இது இரண்டு மூன்று நாள் விவகாரம் இல்லை என்று அர்த்தம்.

உடல் காயக் காய ஈக்களுக்கு ஆர்வம் குறைந்து வண்டுகளின் ஆட்சி வரும். காய்ந்த தோலையும் தசைநாரையும் தின்னும் டெர்மெஸ்டிட் வண்டு, கருவாட்டு மூட்டையில் பூந்து நாசம் பண்ணும் அதே குடும்பம்தான். எலும்புக்கூட்டைச் சுத்தம் செய்ய அருங்காட்சியகங்களே இதை வளர்க்கிறார்கள். எந்தப் பூச்சிக்கு அப்புறம் எந்தப் பூச்சி என்ற வரிசையை 1894-ல் பிரான்ஸைச் சேர்ந்த மெனியன் என்பவர் எட்டு அலைகளாகப் பிரித்துப் புத்தகமே போட்டார். மாதக் கணக்கு, வருடக் கணக்கு ஆன உடல்களுக்கு இந்த வரிசை உதவும். நாள் கணக்குக்கு ஈதான்.

ஐடியா சரி, டேபிள் தப்பு

இந்த சப்ஜெக்ட்டைப் பற்றி யார் எழுதினாலும் 1247-ல் சீனாவில் சுங் சு எழுதிய புத்தகத்தில் வரும் அரிவாள் கதையைச் சொல்லாமல் விட மாட்டார்கள். ஊர்க்காரர்கள் எல்லாரும் தங்கள் அரிவாளைக் கொண்டு வந்து வெயிலில் வைக்க, ஒரு அரிவாளில் மட்டும் ஈ மொய்க்க, அதன் சொந்தக்காரர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கழுவினாலும் போகாத ரத்த வாசனை. நல்ல கதை, ஆனால் அதில் கடிகாரம் இல்லை.

கடிகாரம் வருவது 1850-ல். பிரான்ஸில் ஆர்புவா என்ற ஊரில் ஒரு வீட்டை ரிப்பேர் செய்யும்போது கணப்புக்குப் பின்னால் காய்ந்துபோன ஒரு குழந்தையின் உடல் கிடைத்தது. அப்போது அந்த வீட்டில் குடியிருந்தவர்கள் மேல் சந்தேகம் வருவது இயல்புதானே? பரிசோதித்த டாக்டர் பெர்ஜெரே, உள்ளே இருந்த ஈக்கூட்டு ஓடுகளையும் அந்துப்பூச்சிப் புழுக்களையும் பார்த்தார். இவை ஒரே பருவத்தில் வந்தவை அல்ல, உடல் 1848-லேயே அங்கே வைக்கப்பட்டுவிட்டது என்றார். சந்தேகம் முன்னாடி குடியிருந்தவர்கள் பக்கம் திரும்பியது. இதில் வேடிக்கை என்னன்னா, ஈ முட்டையிலிருந்து ஈ ஆக அடுத்த வருடக் கோடை வரை ஆகும் என்று அவர் நினைத்திருந்தார். நம்ம பத்து நாள் கணக்கை நினைச்சுப் பாருங்க. யோசனை அற்புதம், அதுக்குள்ள போட்ட எண் தப்பு. அந்த எண்ணைச் சரிசெய்யத்தான் அடுத்த நூறு வருடத்துக்கு மேல் ஆனது.

1935-ல் பிரிட்டனில் எண்கள் ஓரளவு கைவசம் இருந்தன. செப்டம்பர் 29 அன்று ஸ்காட்லாந்தில் மோஃபாட் அருகே ஒரு ஓடையில், துண்டுகளாக்கப்பட்ட இரண்டு பெண்களின் உடல்கள் கிடைத்தன. அடையாளம் தெரியக்கூடாது என்று முகத்தையும் விரல்களையும் சிதைத்திருந்தார்கள். செய்தவர் உடற்கூறு தெரிந்தவர் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸாண்டர் மேர்ன்ஸ், உடல்களில் இருந்த புழுக்களைப் பார்த்து அவற்றின் வயது 12 முதல் 14 நாள் என்றார். பின்னால் எண்ணினால் செப்டம்பர் நடுப்பகுதி. இங்கிலாந்தின் லங்காஸ்டரில் டாக்டர் பக் ரக்ஸ்டனின் மனைவியும், வீட்டு வேலைக்கு இருந்த பெண்ணும் காணாமல் போனதும் செப்டம்பர் நடுப்பகுதியில்தான். (ரக்ஸ்டன் பம்பாயில் பிறந்து அங்கேயே மருத்துவம் படித்த பார்சி.) உடல் துண்டுகளைச் சுற்றியிருந்த செய்தித்தாள் ஒன்று செப்டம்பர் 15 தேதியிட்ட சிறப்புப் பதிப்பு. லங்காஸ்டர் சுற்றுவட்டாரத்தில் மட்டும் விற்ற பதிப்பு. ஈயும் பேப்பரும் ஒரே தேதியைச் சொல்லின. 1936 மே மாதம் அவர் தூக்கிலிடப்பட்டார். அந்தப் புழுக்கள் இன்னும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

எம் ஒன் பேப்பர்ல படிச்சதுதான்

இப்போ கணக்குக்கு வருவோம். ஈ குளிர் ரத்தப் பிராணி. சூடு கூடினால் வேகமாக வளரும், குறைந்தால் மெதுவாக. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே போனால் வளர்ச்சியே நின்றுவிடும். அதனால் "புழுவுக்கு எத்தனை மணி நேரம் வயசு?" என்று நேரடியாகக் கேட்க முடியாது. "அது எவ்வளவு சூட்டைச் சேர்த்து வைத்திருக்கிறது?" என்றுதான் கேட்கணும். சேர்ந்த சூட்டின் அலகு டிகிரி-மணி.

ஒரு உதாரணம். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை, இனத்துக்கு இனம் இது மாறும். ஆய்வகத்தில் 27 டிகிரியில் வளர்த்தால், முட்டையிட்டதிலிருந்து மூன்றாம் கட்டத்தைத் தொட 50 மணி நேரம் ஆகிறது. 10 டிகிரிக்குக் கீழே அந்த இனம் வளராது. அப்போ தேவையான சூடு (27 − 10) × 50 = 850 டிகிரி-மணி.

வியாழக்கிழமை காலை 10 மணிக்கு ஒரு உடல் கிடைக்கிறது. புழுக்கள் அப்போதான் மூன்றாம் கட்டத்துக்கு வந்திருக்கின்றன. அங்கிருந்து பின்னோக்கிப் போகணும்.

வியாழன் நள்ளிரவு முதல் காலை 10 வரை சராசரி 22 டிகிரி என்றால் 12 × 10 = 120. புதன் முழு நாள் சராசரி 25 என்றால் 15 × 24 = 360, மொத்தம் 480. செவ்வாய் சராசரி 24 என்றால் 14 × 24 = 336, மொத்தம் 816. இன்னும் 34 பாக்கி. திங்கள் ராத்திரி 22 டிகிரி என்றால் மணிக்கு 12 வீதம், கிட்டத்தட்ட 2 மணி 50 நிமிடம். ஆக, முட்டையிட்டது திங்கள் ராத்திரி 9:10.

கிராஃப் போட்டுப் பாருங்க. எக்ஸ் அச்சில் நேரம், ஒய் அச்சில் வெப்பநிலை, 10 டிகிரியில் ஒரு படுக்கைக்கோடு. அந்தக் கோட்டுக்கு மேல், வளைகோட்டுக்குக் கீழ் உள்ள பரப்பளவுதான் புழுவின் வயசு. முதல் செமஸ்டரில் "இது எங்க சார் யூஸ் ஆகும்?" என்று நாம எல்லாரும் கேட்ட டெஃபினிட் இன்டக்ரல் இதேதான். பரப்பளவு தெரியும், மேல் லிமிட் தெரியும், கீழ் லிமிட்டைக் கண்டுபிடிக்கணும். அவ்ளோதான்.

ஆனால் அந்த வெப்பநிலை எங்கிருந்து வந்தது? உடல் கிடந்த இடத்தில் அந்த மூணு நாளும் யாரும் தெர்மாமீட்டரோட உட்காரவில்லை. பக்கத்து வானிலை நிலையத்தின் பதிவுதான் இருக்கும். அது விமான நிலையத்தில் இருக்கலாம், உடல் தகரக் கொட்டகைக்குள் கிடந்திருக்கலாம். அதனால் உடல் கிடைத்த இடத்தில் அடுத்த சில நாள் டேட்டா லாகர் வைத்து, அதன் ரீடிங்கையும் நிலையத்தின் ரீடிங்கையும் ஒப்பிட்டு, பழைய நாட்களுக்குத் திருத்தம் போடுவார்கள்.

அந்தத் திருத்தம் எவ்வளவு முக்கியம் என்று அதே கணக்கில் பார்க்கலாம். அசல் இடம் 2 டிகிரி அதிக சூடு என்று வையுங்க. வியாழன் 140, புதன் 408, மொத்தம் 548. பாக்கி 302. செவ்வாயில் மணிக்கு 16 வீதம் அது 18.9 மணி நேரம். விடை செவ்வாய் அதிகாலை ஐந்து மணி. இரண்டே டிகிரியில் எட்டு மணி நேரம் நகர்ந்துவிட்டது. திங்கள் ராத்திரி முழுக்க பஸ்ஸில் இருந்த ஒருத்தருக்கு இந்த இரண்டு டிகிரி எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசிச்சுப் பாருங்க.

இன்னொன்றைக் கவனிச்சீங்களா? ராத்திரி 9:10, அதிகாலை 5, இரண்டுமே இருட்டு. இந்த ஈக்கள் பொதுவாக இருட்டில் முட்டையிடுவதில்லை. சில சோதனைகளில் இரவிலும் கொஞ்சம் முட்டை கிடைத்திருக்கிறது, ஆனால் அது விதிவிலக்கு. அதனால் நல்ல நிபுணர் கால்குலேட்டர் காட்டிய 9:10-ஐ அப்படியே கோர்ட்டில் ஒப்பிக்க மாட்டார். "திங்கள் மாலை இருட்டுவதற்கு முன்னிருந்து செவ்வாய் காலை வரை" என்று ஒரு வரம்பு சொல்வார். வக்கீல்களுக்கு இந்த மாதிரி பதில் பிடிக்காது. லேபில் எரர் போடாமல் ரீடிங் எழுதினால் நம்ம ரெக்கார்ட் நோட் திரும்பி வருமே, அதே நியாயம்தான் இங்கேயும்.

போர்வைக்குள் ஒரு பன்றி

வெப்பநிலை மட்டும் பிரச்சினை இல்லை. ஆயிரக்கணக்கான புழுக்கள் ஒரே இடத்தில் மொய்த்துத் தின்னும்போது அவற்றின் உடல் இயக்கத்திலேயே சூடு உண்டாகி, குவியலின் உள்ளே வெளிக்காற்றைவிடப் பத்து, இருபது டிகிரி அதிகமாகப் போய்விடும். தன் கடிகாரத்தைத் தானே வேகமாக ஓட்டிக்கொள்ளும் புழு. இறந்தவர் உடலில் போதைப்பொருள் இருந்தாலும் கணக்கு மாறும். ஹவாய் பல்கலைக்கழகத்தின் லீ காஃப், கொக்கெய்ன் கலந்த திசுவைத் தின்ற புழுக்கள் வழக்கத்தைவிட வேகமாக வளர்வதைச் சோதித்துக் காட்டினார். (இதில் ஒரு லாபமும் உண்டு. உடலில் பரிசோதிக்க எதுவும் மிஞ்சாதபோது புழுவை அரைத்து அதில் மருந்தின் தடயத்தைத் தேடலாம்.)

அதே காஃபிடம் ஒரு வழக்கு வந்தது. ஒரு பெண்ணின் உடல், போர்வைகளில் இறுக்கமாகச் சுற்றப்பட்டிருந்தது. பூச்சிகளின் வயது பத்தரை நாள். ஆனால் போர்வைக்குள் ஈ எப்படி உடனே போயிருக்கும்? எவ்வளவு நேரம் தடுத்திருக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் டேபிள் கிடையாது. அவர் ஒரு செத்த பன்றியை அதே மாதிரி போர்வையில் சுற்றி, தன் வீட்டுக் கொல்லையில் போட்டுவிட்டுக் காத்திருந்தார். ஈக்கள் உள்ளே போக இரண்டரை நாள் ஆனது. பத்தரையும் இரண்டரையும் பதின்மூன்று. அந்தப் பெண்ணைக் கடைசியாக உயிரோடு பார்த்ததும் பதின்மூன்று நாள் முன்புதான். ஃபார்முலா இல்லாத இடத்தில் புரோட்டோடைப் பண்ணிப் பார்ப்பது என்று நாம சொல்றது இதைத்தான். பக்கத்து வீட்டுக்காரங்க என்ன சொன்னாங்களோ!

எல்லா வழக்கும் இப்படி அழகாக முடிவதில்லை. 2002 பிப்ரவரி தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் 7 வயதுச் சிறுமி ஒருத்தி காணாமல் போனாள். மாதக் கடைசியில் உடல் கிடைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் மேல் சந்தேகம், பிப்ரவரி 5 முதல் அவர் தொடர்ந்து போலீஸ் கண்காணிப்பில் இருந்தார். பூச்சிகளைச் சேகரித்த நிபுணர் டேவிட் ஃபாக்னர், ஈக்கள் வந்தது பிப்ரவரி நடுவில்தான் என்றார். போலீஸ் தரப்புக்காகப் பூச்சி சேகரித்தவர், கடைசியில் சாட்சி சொன்னது எதிர்த்தரப்புக்காக. கண்காணிப்பில் இருந்த ஆள் பிப்ரவரி நடுவில் எப்படி உடலைப் போட முடியும்?

அரசுத் தரப்பு பதிலுக்கு வேறு நிபுணரை அழைத்தது, நம்ம பன்றி காஃப்தான். அந்த நேரத்து வெயிலும் வறண்ட காற்றும் உடலைச் சீக்கிரமே உலர்த்தியிருக்கலாம், எறும்புகள் முதல் முட்டைகளைத் தூக்கிப் போயிருக்கலாம், அதனால் ஈக்கணக்கு தாமதமாகத் தெரியலாம் என்ற வாதங்கள் வந்தன. நாலு பெரிய நிபுணர்கள், ஆளுக்கொரு தேதி வரம்பு. ஜூரி மற்ற தடயங்களை நம்பி அவரைக் குற்றவாளி என்றது. என் கருத்தில் இந்த வழக்கில் ஈக்கள் பொய் சொல்லவில்லை. "எப்போ வந்தோம்" என்று சரியாகவே சொல்லியிருக்கலாம். "எப்போ இறந்தாள்" என்பதை அதிலிருந்து எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதில்தான் ஆளுக்கு ஆள் வேறுபட்டார்கள்.

அதே கலிஃபோர்னியாவில் நேரத்துக்குப் பதிலாக இடத்தைச் சொன்ன பூச்சிகளும் உண்டு. மெக்கானிக்கல் நண்பர்களுக்காக இதைச் சேர்க்கிறேன். 2003-ல் பேக்கர்ஸ்ஃபீல்டில் ஒரு குடும்பமே கொல்லப்பட்டது. கணவர், தான் அப்போது நாட்டின் மறுபக்கம் ஒஹாயோவில் இருந்ததாகச் சொன்னார். அங்கே அவர் வாடகைக்கு எடுத்த காரின் ரேடியேட்டரைக் கழற்றி, டேவிஸ் பல்கலைக்கழகத்தின் லின் கிம்ஸியிடம் கொடுத்தார்கள். அதில் அடிபட்டு ஒட்டியிருந்த பூச்சிகளில் சில, ராக்கி மலைகளுக்கு மேற்கே மட்டும் வாழ்பவை. ஒஹாயோவிலேயே நின்ற காரில் அவை எப்படி வரும்? 2007-ல் அவருக்குத் தண்டனை உறுதியானது.

முட்டை இல்லை

நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த வழக்கு பக்கத்து மாநிலமான நெவாடாவில். 2001 ஜூலை 8, லாஸ் வேகாஸ். ராத்திரி பத்து மணி வாக்கில், ஒரு குப்பைத்தொட்டிக்குப் பின்னால் வீடில்லாத ஒருவரின் உடல் கிடைத்தது. உடல் முழுக்கக் காயங்கள். கைதானவர் கிர்ஸ்டின் பிளேஸ் லோபாட்டோ, வயது 18. தன்னைத் தாக்க வந்த ஒருவரைக் கத்தியால் தடுத்ததாக அவர் பேசிய பழைய சம்பவம் ஒன்றை, இந்தக் கொலையின் ஒப்புதல் என்று போலீஸ் எடுத்துக்கொண்டது. அவரோ அந்த நாளில் பனாகா என்ற தன் ஊரில் இருந்தேன் என்றார். லாஸ் வேகாஸிலிருந்து காரில் சுமார் மூன்று மணி நேரம். அவரைப் பனாகாவில் பார்த்த சாட்சிகளும் இருந்தார்கள். அரசுத் தரப்பு என்ன சொன்னது? கொலை நடந்தது அதிகாலையில், செய்துவிட்டு ஊருக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார் என்றது. 2002-ல் தண்டனை, அப்பீலில் ரத்து, மறு விசாரணை, 2006-ல் மறுபடி தண்டனை.

இப்போ நம்ம கேள்வியைக் கேட்டுப் பாருங்க. ஜூலை மாதம், பாலைவன நகரம், திறந்தவெளி, குப்பைத்தொட்டி பக்கம், திறந்த காயங்களோடு ஒரு உடல். அதிகாலையிலிருந்து ராத்திரி பத்து வரை அது அங்கே கிடந்திருந்தால் ஈக்கள் என்ன செய்திருக்கும்? ஒரு முழுப் பகல் போயிருக்கு. குறுணை அரிசிக் குவியல் மாதிரி முட்டைகள் இருந்தே ஆகணும். போட்டோக்களிலும் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டிலும் ஒரு முட்டைகூட இல்லை.

2017-ல் நடந்த விசாரணையில் கெயில் ஆண்டர்சன் உள்ளிட்ட பூச்சியியல் நிபுணர்கள் வந்து இதைத்தான் சொன்னார்கள். முட்டை இல்லை என்றால் பகலில் உடல் அங்கே இல்லை. அந்த ஆள் இறந்தது சூரியன் மறைந்த பிறகு, உடல் கிடைப்பதற்குக் கொஞ்சம் முன்பு. அந்த நேரத்தில் லோபாட்டோ பனாகாவில் இருந்தார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. முன்பு வாதாடிய வக்கீல் ஒரு பூச்சியியல் நிபுணரை அழைத்திருக்க வேண்டும் என்று சொல்லி, 2017 டிசம்பரில் நீதிபதி தண்டனையை ரத்து செய்தார். 2018 ஜனவரியில் அவர் வெளியே வந்தார். 2024 டிசம்பரில் ஒரு ஜூரி அவருக்கு 3.4 கோடி டாலர் இழப்பீடு என்று தீர்ப்பளித்தது. 18 வயதில், அதாவது நம்ம ஃபர்ஸ்ட் இயர் வயசில் உள்ளே போனவர்.

டிகிரி-மணி, இன்டக்ரேஷன், மைக்ராஸ்கோப் எதுவும் இந்த வழக்கில் தேவைப்படவே இல்லை என்பதைக் கவனிங்க. அந்தப் போட்டோக்கள் எல்லாம் 2001-லேயே எடுத்தவை. பூச்சி இருந்தால் எடுத்து பாட்டிலில் போடணும் என்று விசாரணைக்குப் போகிறவர்களுக்குச் சொல்லித் தரலாம். பாதியைக் கொதிக்கும் சூட்டில் உள்ள தண்ணீரில் முக்கி ஆல்கஹாலில் போடுவது, மீதியை உயிரோடு எடுத்துப் போய் ஈரல் கொடுத்து ஈயாக வளர்த்து இனத்தை உறுதி செய்வது என்று அதுக்கு முறை இருக்கு. "தேடினோம், எதுவும் இல்லை" என்று ஒரு வரி எழுதி வைக்கணும் என்பதுதான் யாருக்கும் தோன்றாமல் போகிறது.

செய்து பார்க்க நினைக்கிறவங்களுக்கு

இது மினி புராஜெக்ட்டுக்கு நல்ல ஐடியா. ஒரு மீன் தலை, அதைச் சுற்றிக் காக்காயும் பூனையும் நுழையாத கம்பி வலைக் கூண்டு, அடியில் ஒரு தட்டு மண். வாட்டர்ப்ரூஃப் டிஎஸ் 18பி20 சென்சார் இரண்டு, ஒன்று மீனுக்குள், ஒன்று வெளிக்காற்றில். ஆர்டுயினோவில் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு ரீடிங் எஸ்டி கார்டில் எழுதட்டும். நிழலில் ஒன்று, வெயிலில் ஒன்று என்று இரண்டு செட் வைத்தால் இன்னும் நல்லது. தினம் இரண்டு வேளை க்ளவுஸ் போட்டு நாலைந்து புழு எடுத்துப் பின்பக்கக் கீறலை எண்ணுங்க. பத்தாவது நாள் கூடு உடைவதற்குள் கூண்டைக் கொசுவலையால் மூடிடுங்க, இல்லைன்னா வார்டன் வந்து நிற்பார். ஹாஸ்டல் மொட்டை மாடி வேண்டாம், பயோடெக் டிபார்ட்மெண்ட் பின்னால் இடம் கேட்டு வாங்குங்க.

மீனை மார்க்கெட்டில் திறந்து வைத்த தட்டிலிருந்து எடுக்காதீங்க. ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து கேட்டு வாங்கி, கவரைக் கட்டியபடியே கொண்டு வந்து, கூண்டுக்குள் வைத்த பிறகு பிரிங்க. கடையிலேயே ஒரு ஈ வந்து உட்கார்ந்துட்டுப் போயிருந்தால், உங்க கிராஃபில் பூஜ்யம் எங்கே ஆரம்பிக்குதுன்னு உங்களுக்கே தெரியாது.